முப்பது புள்ளி நான்கு

மண்டபத்துக்கு இரண்டு கடல்.
வடகடல் குமுறும் மாதங்களில் தென்கடல் படுத்திருக்கும்,
காற்று திரும்பினால் முறை மாற்றிக்கொள்ளும்.
என் அட்டவணையில் அவை இரண்டு வரிசை.

பத்திகள் மூன்று: ஆண், பெண், சினை.
எண்ணூறு நீலக்கால் நண்டுகளைச்
சகுபரின் ஈர நோட்டிலிருந்து பிரித்து
ஒரு மாசி மத்தியானம் முழுக்கத் தட்டச்சு செய்தேன்.

முதல் படத்தில் ஏழு பட்டைகள் எழுந்தன.
ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு, சினைக்கு நான்கு.
சினை, சினைநண்டு, சிணை,
பின்னால் ஒரு வெற்றிடத்தை வாலாக இழுத்துவந்த
இன்னொரு சினை.
கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதாலேயே
நிரல் அதை ஒன்றென்று ஒப்புக்கொள்ளாது.
வாலை நறுக்கினேன்.
ஒரு சுழியைக் குறைத்தேன்.

அப்போதும் அகரவரிசை பிடிவாதமாக
ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில்
சினையைக் கொண்டுபோய் உட்காரவைத்தது.
இது கடல், அகராதி இல்லை என்று
வரிசையை நானே எழுதிக்கொடுத்தேன்.

வடக்கில் நானூற்று இருபது, தெற்கில் முந்நூற்று எண்பது;
சமமில்லாத இரண்டையும்
நூற்றுக்கு நூறாக நீட்டி அடுக்கினேன்.
வடகடல் தூணின் உச்சியில் நான்கு விரற்கடை ஆரஞ்சு.
தென்கடலில்
வெட்டிப்போட்ட நகம்.

கண்ணை மட்டும் நம்பாதே என்று படித்தவள்.
கை-வர்க்கச் சோதனையை ஓட்டினேன்.
கடலுக்கும் வகைக்கும் சம்பந்தமே கிடையாது,
அப்படி வைத்துக்கொண்டு பேசுவோம் என்று
பஞ்சாயத்தில் எதிர்த்தரப்பு மாதிரிதான் அது ஆரம்பிக்கும்.
வரிசைக் கூட்டலைப் பத்திக் கூட்டலால் பெருக்கு,
மொத்தத்தால் வகு.
தென்கடலிடம் அது எதிர்பார்த்த சினை
முப்பது புள்ளி நான்கு.
(அந்தப் புள்ளி நான்கு நண்டு எப்படி நடக்கும்?
பக்கவாட்டில்தான்.)
வந்திருந்தது நான்கு.

விடை ஐம்பத்திரண்டு சொச்சம்.
தற்செயலுக்கு மிச்சமிருந்த இடம்
புள்ளிக்கு அப்பால் பதினொரு பூஜ்யம் தாண்டி எங்கோ.

"தென்கடலில் இனப்பெருக்கம் சரிந்துள்ளது"
என்று அறிக்கையில் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது.
டீ குடித்துவிட்டு வந்து
ஒவ்வொரு கட்டத்தின் பிசகையும் தனியாக அச்சிட்டேன்.
ஆணில் ஒன்றுகூட முழுசாய்ப் பிசகவில்லை.
சினையில் குறைந்தது இருபத்தாறு.
பெண்ணில் கூடியது இருபத்தேழு.

கடல் ஒருநாளும்
இத்தனை சரியாகச் சில்லறை தராது.

மறுநாள் விடியுமுன் வேதாளைக் கரை.
வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்த பூமயில்
ஒரு நண்டை மல்லாத்திப் பிடித்து
அடிவயிற்று ஆரஞ்சுப் பஞ்சை
தேய்ந்த பல்விளக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தாள்,
ஆற அமர, மீன்சட்டி தேய்ப்பதுபோல.
"சினையிருந்தா கம்பெனிக்காரவுக கழிச்சுப் போடுறாக.
கார்த்திகையிலருந்து அப்படித்தான்.
தராசுக்குப் போறப்ப எல்லாம் வெறும் பொட்டை."

தராசுக்குப் பக்கத்தில்தான் சகுபர் நிற்பான்,
பேனாவுடன், பொய் சொல்லத் தெரியாமல்.

நான் யாரென்று கேட்டாள். கணக்கு என்றேன்.
எதைக் கணக்கென்று கேட்டாள். சொன்னேன்.
"ஆம்பளை நண்டு எத்தனை?"
"நூத்தித் தொண்ணூறு."
"அது சரியாத்தான் இருக்கும்.
அதுககிட்டச் சுரண்ட என்ன கிடக்கு?"

செருப்படியில் ஒட்டியிருந்ததை
அலுவலக வாசலில் உரசிக் கழித்தேன்.
எத்தனை ஆயிரம் என்று எண்ண
எந்தப் பத்தியும் இல்லை.
நான்காவதாக ஒன்றைத் திறந்தேன்.
பெயர் கேட்டது.
சினைதான், ஆனால் இப்போது இல்லை;
பெண்தான், ஆனால் அது மட்டுமில்லை.
காலியாக விட்டு ஓட்டிப்பார்த்தேன்.

பெயரில்லாததை நிரல்
பிழையென்று கூடச் சொல்லாது.
சத்தமில்லாமல் விட்டுவிட்டு
மீதியை
நூற்றுக்கு நூறாக வரைந்து காட்டும்.